கிடங்குத் தெருக் குழாய் பருத்த விவரம்

கிடங்குத் தெருவில் ஆறு அங்குலமாகப் புதைத்த தீயணைப்புக் குழாய் பதினோரு வருஷத்தில் எட்டு அங்குலமாகப் பருத்திருந்தது. இது தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நடைபாதை ஓரம் தண்ணீர் கசிகிறது என்று பள்ளம் தோண்டிய பிளம்பர், கசிவை அடைக்க ஆறங்குலக் கவ்வி ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். அது குழாயைச் சுற்றி வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திரும்பிப் போய்ச் சண்டை போட்டு இன்னொன்று வாங்கி வந்தார், அதுவும் வரவில்லை. மூன்றாவது தடவை கடைக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். பிறகு பள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து நீர் வழங்கல் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

போனை எடுத்தது கணக்கம்மா. இயற்பெயரை அலுவலகமே மறந்துபோயிருந்தது. ஊரில் எந்தக் கட்டிடம் எழும்பினாலும் அதற்குள் என்ன அடுக்கப்போகிறார்கள், எவ்வளவு உயரத்துக்கு அடுக்கப்போகிறார்கள் என்று கேட்பார். தீப்பிடித்தால் மேற்கூரையில் எத்தனை தெளிப்பான்கள் ஒரே நேரத்தில் திறக்கும், தெருவில் நிற்கும் தீயணைப்புக் குழாய்முனைகளிலிருந்து எத்தனை ஹோஸ் தண்ணீர் இழுக்கும், தொட்டியிலிருந்து வருகிற வழியில் உராய்ந்து உராய்ந்து எவ்வளவு அழுத்தம் வீணாகும் என்று கூட்டிக் கழித்து, மண்ணுக்கடியில் இத்தனை அங்குலக் குழாய் போடுங்கள் என்று எழுதிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கணக்கும் பிசகியதில்லை. பிசகாததற்குக் காரணம், அவர் யாரையும் நம்புவதில்லை. காய்கறிக்காரரின் தராசை அவர் எதிரிலேயே சரிபார்ப்பார். டாக்டர் பார்த்த ரத்த அழுத்தத்தை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்வார்.

பள்ளத்தில் இறங்கி அவரே அளந்தார். எட்டு. குழாயின் கழுத்தில் வார்ப்பிலேயே புடைத்திருந்த ஆறு என்ற எண், ஊதிய பலூன்மேல் எழுதிய எழுத்துப்போல அகலமாக இளித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயைப் பதித்த ஒப்பந்தக்காரர் அவருடைய சொந்தத் தம்பி. அப்பா போன பிறகு அவர் படிக்கவைத்து ஆளாக்கிய தம்பி.

மறுநாளே விசாரணை அதிகாரி வந்து சேர்ந்தார். எதைக் காட்டினாலும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடி ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பள்ளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"ஆறு கேட்ட எடத்துல எட்டு கெடக்குதுன்னா, எட்டு கேட்ட எந்த எடத்துலயோ ஆறு கெடக்குதுன்னு அர்த்தம் மேடம்," என்றார்.

அவர் சொல்வதற்கு முன்பே கணக்கம்மாவும் அதைத்தான் நினைத்திருந்தார். ஆஸ்பத்திரித் தெரு எட்டு. அங்கே ஆறு கிடந்தால், நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. தம்பியைக் கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, நான் ஆறுதான் போட்டேன். நீதான பக்கத்துல நின்ன."

"நின்னேன். மூடறப்ப நான் இல்ல."

தம்பி "சரி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவர், அந்த ஞாயிறு வரவில்லை. கணக்கம்மாவும் போன் செய்யவில்லை. குற்றம் இல்லாதவன் கோபப்படுவானா, கோபப்படாமல் இருப்பானா என்று தட்டு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரித் தெருவைத் தோண்டினார்கள். எட்டு. பள்ளிக்கூடத் தெருவைத் தோண்டினார்கள், பஸ் நிலையத்தைத் தோண்டினார்கள். தம்பி கைபட்ட பதினான்கு இடத்தையும் தோண்டிப் பார்த்ததில் எல்லாம் எழுதிய எழுத்துப்படி இருந்தது. ஊர் முழுக்கக் குழியானதுதான் மிச்சம். ஆனாலும் பூதக்கண்ணாடிக்கு மனசு ஆறவில்லை. "கேட்டதவிடக் கம்மியாக் குடுக்கறவன புரிஞ்சுக்கலாம் மேடம். கூடுதலாக் குடுக்கறவன நம்பவே கூடாது," என்றார். ஏழாவது மாதம் அறிக்கை தயாரானது. மூன்றாவது கையெழுத்து கணக்கம்மாவுடையது. தம்பியின் உரிமத்தை ரத்து செய்தார்கள். அவர் அடுத்த வாரமே வேறொரு ஒப்பந்தக்காரரிடம் கடப்பாரை பிடிக்கப் போனார்.

விசாரணையின் முதல் வாரத்திலேயே கசிவை எட்டங்குலக் கவ்வியால் அடைத்து, பள்ளத்தைச் சாட்சியமாக வைத்து, இரும்பு மூடி போட்டு இரண்டு பூட்டுப் பூட்டியிருந்தார்கள். ஒரு சாவி அதிகாரியிடம், ஒரு சாவி கணக்கம்மாவிடம். அறிக்கை முடிந்த கையோடு, ஏழு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து திறந்தபோது, கவ்வியின் போல்ட்டுகள் தெறித்து விழுந்திருந்தன. குழாய் எட்டேகால் இருந்தது. கணக்கம்மா முதலில் தன் அளவுகோலைச் சந்தேகப்பட்டார். பிறகு தன் கண்ணை. அதிகாரி கணக்கம்மாவையே சந்தேகப்பட்டு, பூட்டுகளின்மேல் அரக்கு வைத்தார். அடுத்த மாதம் அரக்கு அப்படியே இருக்க, குழாய் நகக்கண் அளவு இன்னும் தடித்திருந்தது. அதற்கடுத்த மாதம் எட்டரை. அன்றைக்கு அதிகாரியே உள்ளே இறங்கி வெகுநேரம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மேலே ஏறி வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அப்போதுதான் கணக்கம்மா தலையை நிமிர்த்தி, பள்ளத்துக்கு எதிரே இருந்த கட்டிடத்தைப் பார்த்தார். வரைபடத்தில் அது இரும்புச் சாமான் கிடங்கு, அடுக்கும் உயரம் மார்பளவு, மேலே ஆள் கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை நம்பித்தான் ஆறு அங்குலம் எழுதிக் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் சரிபார்க்காமல் விட்டது அது ஒன்றுதான். உரிமையாளர் வாசலிலேயே நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். "உள்ள என்னங்க இருக்கு, பழைய சாமான்தான்," என்றார். அவர் பேசிக்கொண்டிருக்க, சுவரைத் துளைத்துப் போகும் செங்குத்துக் குழாயைக் கணக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றி வளையம் வளையமாகப் புதுச் சிமெண்டுப் பூச்சு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்து.

"எதுக்கு இத்தன தடவ பூசியிருக்கீங்க?"

"எலித் தொல்லைங்க."

"எலி வட்டமாக் கடிக்குமா?"

உரிமையாளர் சிரித்தார். கணக்கம்மா சிரிக்காமல் எழுந்து உள்ளே போனார். இரும்பு என்று பேருக்கு ஒரு ஆணி இல்லை. பஞ்சு மெத்தையும் ஸ்பாஞ்சு மெத்தையும் நாலு ஆள் உயரத்துக்கு, தெளிப்பான்களை இடிக்கிற அளவுக்கு அடுக்கியிருந்தார்கள். மூன்றாவது மாடியில் வரிசையாகத் தையல் மெஷின் போட்டுப் பெண்கள் மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. பின்பக்கத்துப் படிக்கட்டுக் கதவில் துருப்பிடித்த பூட்டு. மேற்பார்வை பார்க்கும் அம்மாள், யார் இது என்று சந்தேகமாகப் பார்த்தார். கணக்கம்மா ஒரு மெத்தையின் மேல் உட்கார்ந்து நோட்டை விரித்தார். வரைபடத்தில் எழுதிய சரக்குக்கு நிமிஷத்துக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் லிட்டர், ஆறு அங்குலம். இரும்பு போய் மெத்தை வந்த அடுக்குக்கு ஆறாயிரத்து இருநூறு, எட்டு அங்குலம். இந்த ஒன்பது மாதத்தில் ஏறிய அடுக்கையும் சேர்த்தால் எட்டரை. மூன்று தடவை போட்டுப் பார்த்தார். குழாய் அவருக்கு முன்னாலேயே அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தது. மேலே ஒவ்வொரு மெத்தை ஏறும்போதும், கீழே யாருக்கும் சொல்லாமல் அதற்குத் தகுந்தபடி பருத்துக்கொண்டே வந்திருந்தது. தம்பி போட்டது ஆறுதான்.

பின்கதவுப் பூட்டை அன்றைக்கே தன் கண் முன்னால் அறுக்கவைத்தார். சரக்கை இறக்க முப்பது நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் ஒட்டினார். உரிமையாளர் தலையை ஆட்டிய விதம் பிடிக்காததால், தினமும் காலையில் வந்து அடுக்கை எண்ணிவிட்டு அலுவலகம் போனார். எண்ணிக்கை குறையவில்லை. பத்தொன்பதாம் நாள், காலை பதினொரு மணிக்கு, கீழ்த்தளத்து மின்விசிறி மோட்டார் புகைந்து பொறி தட்டியது. ஸ்பாஞ்சு பற்றினால் தீ ஓடும் வேகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தெளிப்பான்கள் திறந்தபோது தண்ணீர் கொட்டிய வேகத்தில் மேல் அடுக்கு மெத்தைகள் சரிந்து விழுந்தன. தீயணைப்பு வண்டிகள் வந்து தெருவில் நாலு ஹோஸை ஒரே நேரத்தில் மாட்டின. அழுத்தமானி முள் கீழே இறங்காமல் நின்றது. பெண்கள் பின்படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். வருகைப் பதிவில் முப்பத்து நாலு பேர் என்றிருந்தது. செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்து ஓடிவந்த கணக்கம்மா பதிவை நம்பாமல் தெருவில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். நாற்பத்தொன்று. மேற்பார்வை அம்மாளும் நாற்பத்தொன்று என்றார். அதற்குப் பிறகுதான் நடைபாதையில் உட்கார்ந்தார்.

"ஆறா இருந்திருந்தா பத்து நிமிஷத்துல தண்ணி செத்துப்போயிருக்கும்," என்றார் தீயணைப்பு நிலைய அதிகாரி, ஹோஸைச் சுருட்டிக்கொண்டே.

மறுநாள் காலை கணக்கம்மா தம்பி வேலை செய்யும் இடத்தைத் தேடிக்கொண்டு போனார். இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண் வாரிக்கொண்டிருந்தார் தம்பி. கணக்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார்.

"நான் தப்பாக் கையெழுத்து போட்டுட்டேன்."

"தெரியும்."

"உன்ன நம்பியிருக்கணும்."

தம்பி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "நம்பியிருந்தா அன்னிக்கே பள்ளத்த மூடியிருப்ப. மேல போய் எட்டிப் பாத்திருக்க மாட்ட. அந்தப் பொம்பளைங்க என்ன ஆகியிருப்பாங்க?" என்றார். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டே, "ஆனாலும் பத்து மாசம்க்கா," என்றார்.

எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்த கணக்கு அது. தம்பி டேப்பின் ஒரு முனையை நீட்டினார். கணக்கம்மா வாங்கிப் பிடித்துக்கொண்டார். மதியம்வரை அக்காவும் தம்பியும் பள்ளத்தின் சரிவை அளந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தம்பி திரும்ப வர இன்னும் நாலு மாதம் ஆயிற்று.

தம்பிக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. கிடங்கு உரிமையாளர்மேல் வழக்கு நடந்தது. அலுவலகம் ஊரிலுள்ள தீயணைப்புக் குழாய்களையெல்லாம் அளந்து பார்த்ததில் மூன்று பருத்திருந்தன. மூன்று கட்டிடத்திலும் கேட்பதற்கு முன்பே ஆட்கள் சரக்கை இறக்க ஆரம்பித்தார்கள். ஒன்று இளைத்திருந்தது, அந்தத் தெருவில் பாதி வீடுகள் காலி. பதிவேட்டில் 'போட்ட அளவு' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'இப்போதைய அளவு' என்று இன்னொரு பத்தி கோடு போட்டுச் சேர்க்கப்பட்டது. முதல் வருஷம் அதை நிரப்பும்போது குமாஸ்தாக்களுக்குக் கை கொஞ்சம் தயங்கியது. மூன்றாம் வருஷம் டீ குடித்துக்கொண்டே நிரப்பினார்கள்.

பூதக்கண்ணாடி இப்போதும் புதுக் குழாய் பதிக்கும் இடத்துக்கெல்லாம் வருகிறார். மண் தள்ளுவதற்கு முன் பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடி வைத்து, குழாயைச் சுற்றிப் பார்க்கிறார்.

"வளர எடம் விட்டாச்சா?" என்று கேட்கிறார்.

"சுத்தி ஒரு சாண் மணல் சார்," என்கிறார் தம்பி.

"சரி, மூடுங்க."