தாலிக்கு முன்பே விழுந்த அட்சதை

1

இந்தக் கதை என் சட்டைப் பையில் கிடைத்தது. பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த சட்டையைத் துவைக்க எடுத்தேன், மஞ்சள் அரிசி கொஞ்சம் உதிர்ந்தது. தாலி கட்டும்போது வீசிய அரிசி என்றால் அதில் கதை இல்லை. இது அதற்கு முன்பே, தப்பான நேரத்தில் விழுந்தது. அவ்வளவுதான் உண்மை. மற்றதெல்லாம் நான் கட்டுவது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காவிரிக் காற்றில் நாதஸ்வர ஓசை மிதந்து வந்த அந்த இனிய—'

வேண்டாம். மண்டபத்துக்கு ஏசி போட்டிருந்தார்கள். காவிரிக் காற்று எங்கிருந்து வரும்?

நேராகவே சொல்கிறேன். கோகிலவாணி நாதஸ்வரம் வாசிப்பவர். அவர் கணவர் முருகானந்தம் தவில். மணப்பெண்ணின் அப்பா ஜெகதீஸ்வரன் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர். ஊர்க்கோயில் நோம்பிக்கும்* அவர் வைத்ததுதான் சட்டம். அந்த நோம்பியில் ஒரு முழுக் கச்சேரி வாசித்துவிட வேண்டும் என்பது கோகிலவாணியின் வெகுநாள் ஆசை.

"எங்க சனத்துக்கு ராகமெல்லாம் புரியாதுங்க. நோம்பிக்குச் செண்டை மேளம் சொல்லலாம்னு இருக்கறோம்," என்றார் ஜெகதீஸ்வரன். "ஒண்ணு பண்ணுங்க. முகூர்த்தத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் வாசிங்க. பந்திக்கு ஓடாம சனம் உக்காந்திருந்தா நோம்பி உங்களுக்குத்தானுங்க."

(* நோம்பி: எங்கள் பக்கத்தில் திருவிழா. விரதம் என்று நினைத்துவிடாதீர்கள், நன்றாகச் சாப்பிடுவோம்.)

3

கோகிலவாணி கெட்டிக்காரர். பாதிப் பேர் போனில் ரிங்டோனாக வைத்திருக்கும் சினிமாப் பாட்டில் தொடங்கினார். குழந்தைகள் கை தட்டின. பல்லவி முடிந்த இடத்தில், பைபாஸிலிருந்து ஊருக்குள் பிரியும் பஸ் மாதிரி, சத்தமில்லாமல் மோகன ராகத்துக்குள் திரும்பிவிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பாட்டு திரும்பி வரும் என்று காத்திருந்தார்களோ என்னவோ. (ரசித்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.)

பிறகு தவில். முருகானந்தத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேகம் ஏறியது, இன்னும் ஏறியது. மண்டபத்தில் இருந்தவர்களுக்குப் பிறந்ததிலிருந்து அப்படி எழும் மேளத்துக்கு ஒரே அர்த்தம். கைகள் தாமாக எழுந்தன. மண்டபத்து அட்சதை மொத்தமும் மேடையில் கொட்டியது.

தாலி அப்போது தட்டில் தேங்காயோடு பின்வரிசையில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

தவில் நின்றது. யாரோ "அபசகுனம்" என்றார்கள். ஜெகதீஸ்வரன் முகம் கறுத்தது. நாயனத்தை உதட்டிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றாரே கோகிலவாணி, அதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது.

4

முடிவு அ: ஜெகதீஸ்வரன் கத்துகிறார். செண்டை மேளம். இதுதான் நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: எல்லோரும் சிரித்துக் கோகிலவாணிக்கு மாலை போட்டு— சும்மா இருங்கள், நீங்களே நம்ப மாட்டீர்கள்.

ஆகவே முன்வரிசையில் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். காளியாத்தாள், ஜெகதீஸ்வரனின் சின்னம்மா. நிஜக் கல்யாணத்தில் அவர் கிடையாது. பந்தி எப்போது என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் கை மட்டும் இன்னும் மூடியிருந்தது.

"ஏஞ்சின்னம்மா, நீங்க அரிசி போடலீங்களா?" என்றார் ஜெகதீஸ்வரன்.

"கேட்டுக்கிட்டே இருந்தேன் சாமி. கையில அரிசி இருக்கறதே மறந்துபோச்சு. பாட்டை உட்டுப்போட்டு அந்தப் புள்ள நம்மள எங்கியோ கூட்டிட்டுப் போச்சே, எங்கன்னுதான் தெரியல. அதுக்குள்ள நிறுத்திப்போட்டீங்க."

ஜெகதீஸ்வரன் மேடைப்பக்கம் திரும்பினார். "அது முடிஞ்சுதுங்களா?"

"பாதிதானுங்க," என்றார் கோகிலவாணி.

"அப்பத் தாலி கட்டுனதும் மிச்சத்த வாசிங்க. சனம் உக்காருதான்னு அப்பப் பாக்கலாம்."

5

தாலி கட்டியாயிற்று. காளியாத்தாள் கையிலிருந்த அரிசிதான் மணமக்கள் தலையில் விழுந்தது. கீழே இலை போட்டுவிட்டார்கள். சாம்பார் வாசம் படியேறி வருகிறது. கோகிலவாணி விட்ட இடத்திலிருந்து மோகனத்தை எடுக்கிறார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கிறது.

காளியாத்தாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். மேடையோரம் நின்று யார் யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்த ஜெகதீஸ்வரன், இப்போது உங்களைப் பார்க்கிறார்.