வாக்குத்தத்த அட்டைக்கு முன்னும் பின்னும்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு சண்டை. சண்டை போட்டவர்கள் என் அக்கா சலோமியும் அவள் கணவர் வசந்தகுமார் அத்தானும். கல்லூரி விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த நான், சமையலறை வாசலில் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலோடு உட்கார்ந்திருந்தேன். நாவலில் ஒருவன் பனியில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு இவர்கள் சண்டையைக் கேட்க ஆரம்பித்தேன்.

முதல் வரிக்குச் சில முயற்சிகள்:

பனி விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த ஊரில் —

(அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில், ஆடி பிறக்கப்போகும் நேரத்தில், பனிக்கு எங்கே போவேன்?)

விசுவாசம் என்பது —

(இது கட்டுரை. வேண்டாம்.)

நாற்று தயாராக இருந்தது. நடக்கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டார்.

இது நிற்கட்டும். கதையே இதுதான். நாற்றங்காலில் நாற்று முற்றினால் அப்புறம் நட்டும் பெரிய பயன் இல்லை. குறுவை போய்விடும்.

2

ஏன் நடக்கூடாது? அதற்கு ஓர் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.*

வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரே ஒரு வரி. கண்ணை மூடி எடுக்க வேண்டும். எடுத்தது அந்த வருஷத்துக்கு நமக்கென்று ஆண்டவர் தந்த வாக்குத்தத்தம். அத்தானுக்கு வந்த அட்டை இளைப்பாறுதல் தருவதாகச் சொன்னது. பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். அதே மாதம் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

"நல்லா இளைப்பாறுங்க," என்று அக்கா கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாளாம்.

அப்போதுதான் பிரதர் சாமிதுரை அந்த வீட்டுக்குள் வந்தார். எங்கள் சபைப் போதகர் அல்ல. தனியாக ஒரு ஜெபவீடு நடத்துகிறவர். தினமும் வந்து அந்தக் காலில் கைவைத்து ஜெபித்தார். கால் சேர்ந்தது. போன வாரம் வந்தவர் அட்டையைப் பார்த்தார், கணக்குப் போட்டார், சொல்லிவிட்டார்: அத்தான் நிலத்தைக் கையில் எடுத்து இது ஏழாவது வருஷம். வேதப்படி ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. நடக்கூடாது.

* எங்கள் வீட்டில் யாருக்கும் அட்டையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. உங்களுக்காக.

3

சாமிதுரையை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவர் விரலில் பெரிய மோதிரம் போட்டேன். வெள்ளைக் காரில் ஏற்றினேன். குரலில் கொஞ்சம் வழுவழுப்பு —

அடித்துவிட்டேன். உண்மையில் அவரிடம் இருப்பது உதைத்தால் மட்டும் கிளம்பும் ஒரு பழைய பைக். வரும்போது ஆரஞ்சு வாங்கி வருவார். அத்தானைக் குளியலறைவரை தாங்கிப் போனவர் அவர். சொல்வதை அவர் நம்பித்தான் சொல்கிறார். வில்லனாக இருந்திருந்தால் அத்தானே அவரை ஒரே வாரத்தில் அனுப்பியிருப்பார்.

4

அந்தச் சண்டை.

"நாளைக்கு நடவுக்கு ஆள் சொல்லிட்டேன்," என்றாள் அக்கா.

"யாரக் கேட்டு சொன்ன? பிரதர் அவ்ளோ தெளிவா சொல்லிட்டுப் போயிருக்காரு."

"பிரதர் சொன்னாரு. வேதம் சொல்லுச்சான்னு பாத்தீங்களா?"

"அவரு வேதத்துலேர்ந்துதான சொன்னாரு!"

"அதான் கேக்குறேன். எங்கேர்ந்து எதுவரைக்கும்?"

அக்கா வேதம் படிப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். (இந்த இடத்தில் சன்னல் வழியாக ஒளி விழ வேண்டும் என்று எனக்கு ஆசை. விழுவது குக்கர் ஆவிதான்.) காலையில் இட்லி வேகும் நேரத்தில் மேடையோரமாக நின்றுகொண்டு படிப்பாள். பார்த்தால் பக்தி மாதிரியே இருக்காது. கரண்ட் பில்லைச் சரிபார்க்கிற முகம். ஒரு வரி யாராவது சொன்னால் அதற்கு முந்தைய அதிகாரத்திலிருந்து தொடங்குவாள். யார் பேசுகிறார், யாரிடம், எதற்கு என்று கேட்பாள். புரியாததற்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவாள். அவள் புத்தகத்தில் கேள்விக்குறிகள் நிறைய.

5

மறுநாள் காலை சாமிதுரை வந்தார். யார் சொல்லி அனுப்பியது என்று அக்கா கேட்கவில்லை. அத்தான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், உங்க வீட்டுக்காரருக்கு அட்டையே இளைப்பாறுதல்னு விழுந்திருக்கு. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?"

"அட்டையில ஒரு வரிதான் பிரதர் இருக்கு. மீதிய நான் படிச்சேன். வனாந்தரத்துல ஒரு கூட்டத்தையே கூட்டிக்கிட்டுப் போறவரு, 'எங்கூட யாரு வருவா'ன்னு கேக்குறாரு. 'நான் வரேன், இளைப்பாறுதல் தரேன்'னு ஆண்டவர் சொல்றாரு. நடக்குறவருக்குச் சொன்னது. மூட்டைய எறக்கி வச்சுட்டு உக்காருன்னு சொன்னதில்ல."

"ரொம்ப ஆராயாதீங்க சிஸ்டர். ஆராய்ச்சி விசுவாசத்தைத் தின்னுடும்."

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஏழாம் வருஷத்துல தானா வெளையறத யாரு சாப்புடணும்னு போட்டிருக்கு?"

சாமிதுரை காபி டம்ளரைத் திருப்பினார். "உங்களுக்குத்தான்."

"எங்களுக்கு மட்டுமா? வேலைக்காரருக்கு, கூலியாளுக்கு, அண்டி வந்த வெளியூர்க்காரருக்கு, ஆடு மாட்டுக்கு. அதே எடம்தான், கொஞ்சம் கீழ. நம்ம வயல்ல தானா வெளையறது கோரைப் புல்லு. பொன்னுத்தாய் அக்கா கோரையவா திங்கும்?"

வாசலில் கூலிப் பெண்களோடு காத்திருந்த பொன்னுத்தாய்க்கு இது கேட்டுவிட்டது. "எங்களுக்குப் பல்லு பத்தாதும்மா!"

அத்தான் சிரித்துவிட்டார். சாமிதுரையும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"அதுவும் ஒரு தேசமே சேந்து செய்ய வேண்டியது," என்றாள் அக்கா. "அந்த ஜனம் அந்த நாட்டுக்குள்ள போனப்புறம். நம்ம ஒரு வீட்டுக்குத் தனியா எங்க பிரதர் இருக்கு? காட்டுங்க. காட்டினா நாத்தைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுடுறேன்."

சாமிதுரை டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். அத்தானின் காலைப் பார்த்தார்.

"கீழ்ப்படியாம நட்டா கொடுத்த ஆசீர்வாதம் திரும்பிப் போயிடும் பிரதர். இந்தக் காலை நெனச்சுக்குங்க."

பைக் பலமுறை உதைத்தபின் கிளம்பியது. அத்தானின் முகத்தில் சிரிப்பு இல்லை. "வேணாம் சலோமி," என்றார். "ஆளுங்கள அனுப்பிடு."

அக்கா காபி டம்ளரை எடுத்துக் கழுவிவைத்தாள். பிறகு சொன்னாள்: "கால் சேந்ததுக்கு அவருக்கு எப்பவும் நன்றி சொல்வேன். ஆனா உங்க கால வச்சு நம்மள யாரும் மெரட்ட விடமாட்டேன். ஆண்டவர் அப்படிப்பட்டவரான்னு நீங்களே படிச்சுப் பாருங்க."

தன் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். பக்கம் குறிக்கும் நூல் அட்டையின் வரியில் இல்லை, அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொன்னுத்தாயோடு வயலுக்கு நடந்தாள்.

6

முடிவு (அ): அத்தான் ஓடிவந்து சேற்றில் மண்டியிட்டு அழுகிறார்.

அக்கா இதைப் படித்தாள். "பிளேட் வச்ச காலுடி. மடங்காது." பனியில் அழுத அந்த ஆளை நான் இங்கே கடத்தி வந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

முடிவு (ஆ): சாமிதுரையின் பைக் வாய்க்காலில் —

(ஆசைதான். ஆனால் மிரட்டலுக்கு மிரட்டலா? அடித்தாயிற்று.)

முடிவு (இ), நான் கண்டது:

மேல்வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள், அக்காவும் அவர்களோடு. கீழ்வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை, மடை அடைத்திருந்தது; திறந்தால்தான் அங்கே நட முடியும். அதைத் திறக்கக் கிளம்பியவள், வரப்பில் அத்தான் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்து நின்றாள். அவர் கையில் அந்தப் புத்தகம். மடைக்குப் பக்கத்தில் தென்னையில் சாய்ந்து நின்று படிக்கத் தொடங்கினார். உதடு அசைந்தது.

"தொறக்கவா?" என்று பொன்னுத்தாய் கேட்டாள்.

"படிச்சு முடிக்கட்டும் அக்கா. மேல முடியறதுக்குள்ள அவரு தொறக்கலன்னா நான் தொறப்பேன்."

மேல்வயலில் இன்னும் ஓரம் மட்டும் பாக்கி. மண்வெட்டி மடையருகே கிடக்கிறது. அத்தான் பக்கத்தைத் திருப்புகிறார்.

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நானும் உங்களிடம் ஒரு குடும்பத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன். அக்கா சொன்னது அங்கே அப்படித்தான் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவில்லை, என்னை நம்பிவிட்டீர்கள். அந்தப் புத்தகம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். எடுங்கள். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குங்கள்.

அவர் படித்ததைப் படித்துவிட்டு, மடையை என்ன செய்வீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள்.