பல் டாக்டரின் படகுக்கு வேறு இன்ஜின்

கெலிபியா துறைமுகத்தில் என் பட்டறைக்கு நேர் எதிரே கட்டியிருக்கும் ஏழு மீட்டர் படகு, பல் டாக்டர் ஷாத்லியுடையது. படகுக்கும் அதன் பெட்ரோல் இன்ஜினுக்கும் நாற்பத்தைந்து வயது. அந்த இன்ஜினை அவர் யாரையும் தொட விட்டதில்லை, மெக்கானிக்கான என்னையும் சேர்த்துத்தான். கார்புரேட்டரின் பொடித் துளைகளைப் பல் சொத்தை சுரண்டும் கொக்கியால் சுத்தம் செய்வார். "இன்னும் கொஞ்சம்தான் கண்ணு, பொறுத்துக்க" என்று அதனிடம் பேச்சும் கொடுப்பார்.

போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மெல்லச் சரியானது. வலது கை மட்டும் சரியாகவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை அவர் மனைவி பெய்யா பட்டறைக்கு வந்தார். கணக்கு டீச்சர். பள்ளியில் என்னை இரண்டு முறை ஃபெயில் ஆக்கியவர்.

"மெஹ்ரெஸ், அந்த இன்ஜினை எடுத்துட்டு வேற வைக்கணும்."

"டாக்டர் ஒத்துக்கிட்டாரா டீச்சர்?"

"அவருக்கு இன்னும் தெரியாது."

"ஐயோ, என்னைக் கொன்னுடுவாரு."

"ஒரு கையால எப்படிக் கொல்வாரு?" என்றார். சொன்ன மாத்திரத்தில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

பழைய இன்ஜினைக் கிளப்ப இரண்டு கை வேண்டும். ஒரு கையால் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியைத் திருப்பி, மூன்று நான்கு முறை கெஞ்ச வேண்டும். "தினமும் படகுல வந்து உக்காந்துட்டு, ஸ்டார்ட் பண்ணாமலே வீட்டுக்கு வர்றாரு. கேட்டா, இன்னைக்குக் காத்து சரியில்லையாம். துணி காயப்போட்டா அசையக்கூட மாட்டேங்குது, இவருக்கு மட்டும் காத்து!"

வீட்டில் டீச்சர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. இரண்டு நாள் டாக்டர் துறைமுகப் பக்கமே வரவில்லை. கிரேன் வந்து படகைக் கரையில் தூக்கி வைத்த அன்று வந்தார். சங்கிலி கட்டிய இன்ஜினின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"மயக்க ஊசி போட்டியா?"

"போட்டாச்சு டாக்டர்."

"அப்ப சரி. பிடுங்கு."

இன்ஜின் போன இடத்தில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. அதைத் தாங்கி நின்ற இரண்டு நீள மரங்களும் ஃபைபர் பூச்சுக்குள்ளேயே தண்ணீர் குடித்து அழுகியிருந்தன. ஸ்க்ரூடிரைவரைக் குத்தினேன், ஊறிய ரொட்டியில் போவதுபோல் இறங்கியது. இதன் மேல் எந்த இன்ஜினை வைத்தாலும் நிற்காது. மனம் விட்டுப்போய் நிமிர்ந்தேன். டாக்டரின் முகமோ, குளிர்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக வெளிச்சமாகியிருந்தது.

"சொத்தைடா இது! நகரு, நான் பாக்கறேன். ஓரம் கெட்டியா இருக்கேன்னு ஏமாறாதே. கெட்டதை முழுசா எடு, நல்லாக் காய வை, அப்புறம் அடை."

மறுநாள் தன் பல் கருவிப் பெட்டியோடு வந்துவிட்டார். மூன்று வாரம் படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்து இடது கையாலேயே சுரண்டினார். முதல் வாரம் கொக்கி நழுவி விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் நான் விட்டுவைத்த அழுகலையெல்லாம் தேடியெடுத்துக் காட்டித் திட்டினார்.

புது மரம் வைத்துப் பூசினோம். பிஸெர்த்தில் கரை தட்டி உடைந்த ஒரு படகின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து வைத்திருந்தேன். அதை ஏற்றினோம். சாவியைத் திருப்பினால் போதும், கிளம்பிவிடும். முன்னே தள்ளினால் முன்னால், பின்னே இழுத்தால் பின்னால் போக, வேகம் கூட்டிக் குறைக்க, எல்லாவற்றுக்கும் ஒரே லீவர். அதை டாக்டருக்காக இடது பக்கம் பொருத்தினேன்.

தரையில் இருக்கும் படகு தண்ணீரில் இறங்கினால் கொஞ்சம் வளையும். ஆகவே இறக்கி இரண்டு நாள் மிதக்க விட்டு, இன்ஜினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் சேரும் இடத்தின் இடைவெளியைத் தகடு விட்டு அளந்தேன். டீச்சர் தாளில் குறித்துக்கொண்டார்.

"மேலேயும் கீழேயும் ஒரே அளவு வரலையே."

"முடி அளவு வித்தியாசம்தான் டீச்சர்."

"இப்படிச் சொல்லித்தான் ஃபெயிலான."

மறுபடி முதலிலிருந்து நட்டுகளைத் திருகினேன்.

ஜூனில் ஒரு காலை மூவரும் ஏறினோம். டாக்டர் சாவியைத் திருப்பினார், இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. "இவ்வளவுதானா?" என்றார் ஏமாற்றமாக. இடது கையால் லீவரைத் தள்ளினார். படகு அழகாக நகர்ந்தது. எதிரே ஒரு பெரிய மீன்பிடிப் படகு நின்றிருந்தது, திருப்ப வேண்டும். டாக்டர் இடது கையை எடுத்துச் சுக்கானைப் பிடித்தார். பிறகு லீவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

லீவரை இடது பக்கம் வைத்த புத்திசாலி நான், சுக்கானைப் பிடிக்க எந்தக் கை என்று யோசிக்கவே இல்லை.

"டீச்சர், லீவரை இழுங்க!"

இழுத்தார், முழு பலத்தோடு. படகு குதித்து நின்றது, நான் மீன் பெட்டிக்குள் விழுந்தேன். பெரிய படகு கை எட்டும் தூரத்தில் இருந்தது. மேலேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்: "என்ன டாக்டர், வீடு தேடி வந்து பல்லு பாக்கறீங்களா?"

"தப்பு என்னுதுதான். நாளைக்கே மாத்திடறேன்," என்றேன் பெட்டிக்குள்ளிருந்து.

"ஒண்ணும் மாத்த வேண்டாம்." டீச்சர் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து லீவரின் மேல் கையை வைத்தார். "ஷாத்லி, நீ திருப்பு. வேகம் என் பொறுப்பு."

"வேகத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"முப்பத்தெட்டு வருஷமா உன்னோட வேகத்துக்கு ஈடு கொடுக்கறேன். அது போதும்."

டாக்டர் சுக்கானைத் திருப்பினார். துறைமுக வாய் தாண்டியதும், "கொஞ்சம் கூட்டு பெய்யா," என்றார் மெதுவாக. கூட்டினார். படகின் மூக்கு எழுந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் என்னை மறந்தே போனார்கள்.

இப்போது வாரம் இரண்டு நாள் போகிறார்கள். திரும்பி வரும்போது இன்ஜின் சத்தத்துக்கு முன்னால் சண்டை கேட்கும்: "குறைன்னா குறைக்கணும்!" "முன்னாடியே சொல்லணும்!" போன வியாழன் எனக்கு இரண்டு சங்கரா மீன் கொடுத்தார்கள். பெரியது தன் தூண்டிலில் வந்தது என்றார் டாக்டர். இல்லை, தன்னுடையதில் என்றார் டீச்சர். இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டேன்.