ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்

எனக்கு மகள் பிறந்த அன்று நான் ஏறிய டவுன் பஸ் நாலு தெரு நீளம் இருந்தது. திங்கட்கிழமைகளில் எங்கள் ஊர் பஸ்கள் வளரும்.

நான் பின்படியில் ஏறினேன். கண்டக்டர் முன்படியில் இருந்தார். கிளம்பிய உடனேயே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. மாடி ஜன்னலில் என் மனைவி ஜெபக்கனி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். துணிக்குள் ஒரு சிவந்த முகம். எனக்கு அப்போதே இறங்கிவிடத் தோன்றியது.

ஆனால் நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

மடியில் குக்கரோடு உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "இறங்கிப் போங்க அண்ணாச்சி. யாரு பாக்கப் போறா?"

"டிக்கெட் எடுக்கலையே."

"அப்போ குடுத்து விடுங்க."

"ஒரு ஆஸ்பத்திரி" என்று சொல்லிக் காசைக் கொடுத்தேன். அது கை மாறிக் கை மாறிப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே காசு திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது.

"ஆள் நேர்ல வரணுமாம். அப்படி ஒரு ஆள் இருக்காரான்னு கண்டக்டருக்குச் சந்தேகமாம்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நான் முன்னால் நடந்தேன். பஸ்ஸும் போனது. ஆஸ்பத்திரியும் கூடவே வந்தது.

"எங்க போறீய?" ஜெபக்கனி ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"டிக்கெட் எடுத்துட்டு வாரேன்."

"வெரசா வாங்க. பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டு!"

நான் ஓடினேன். இருபதாவது சீட்டைத் தாண்டியபோது "பிள்ள நடக்கா!" என்று கத்தினாள். நாற்பதாவது சீட்டில் பார்த்தால் மகள் ரெட்டைச்சடையோடு நின்றாள்.

"பேரு வெச்சாச்சா?"

"அவளே வெச்சுக்கிட்டா. மெர்லின்."

வழியெல்லாம் படிகள் இருந்தன. எல்லாக் கதவும் திறந்துதான் கிடந்தது. எதிலும் இறங்கியிருக்கலாம். ஒவ்வொரு படியிலும் என் மனசு இறங்கிவிட்டது. கால்கள் மட்டும் முன்னால் ஓடின.

கண்டக்டர் என் தோளைத் தொட்டுப் பார்த்தார். வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது.

"நெசமாவே இருக்கீரே வே!"

"ஒரு ஆஸ்பத்திரி."

"பதினோரு வருசமா பின்படியிலேருந்து ஒருத்தரும் வந்ததில்ல." கண் கலங்கி டிக்கெட்டைக் கிழித்தார். பஸ் முழுக்கக் கைதட்டினார்கள். கைதட்டல் கடைசி சீட்டுக்குப் போய்ச் சேர நேரமானது.

பஸ் நின்றது. நான் இறங்குவதற்குள் ஜெபக்கனியும் மெர்லினும் முன்படியில் ஏறிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம்.

கதவோரக் கம்பியில் அரை டிக்கெட்டுக்கான உயரக் கோடு இருந்தது. கண்டக்டர் மெர்லினை அதன் பக்கத்தில் நிற்க வைத்தார். தலை சரியாகக் கோட்டைத் தொட்டது.

"கொஞ்சம் குனிஞ்சு நில்லு பிள்ள," என்று ஜெபக்கனி முணுமுணுத்தாள்.

மெர்லின் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்தினாள். எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒரு விரற்கடை வளர்ந்து கோட்டைத் தாண்டினாள்.

"முழு டிக்கெட்," என்றாள் கண்டக்டரிடம்.

அவளுடைய குரலை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.