தொப்பியைக் கழற்றியவன்

என் தம்பி தயாளன் கடலில் விழுந்து சில மாதம் கழித்து, அவன் கம்பெனியின் புது வருஷக் காலண்டர் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. காக்கிநாடாவுக்கு அப்பால், கரையே தெரியாத நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற ராட்சத மேடை ஒன்றில் அவன் வெல்டர். காற்று பலமாக அடித்த நாளில் தவறி விழுந்தான் என்றார்கள். உடம்பு கிடைக்கவில்லை. "எவ்வளவோ தேடினோம்" என்று துக்கம் விசாரிக்க வந்த அதிகாரிக்கு நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என் கோபம் அப்படி.

அம்மா அழவே இல்லை. அப்பா அவன் படத்துக்குச் சந்தனப்பொட்டு வைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"யாரு பாத்தா? நீ பாத்தியா? உசுரோட கீறவனுக்கு எதுக்குய்யா பொட்டு?"

அவள் காலண்டருக்காகத்தான் காத்திருந்தாள். விழுவதற்கு முந்தின வாரம் அவன் போனில் சொல்லியிருந்தான்: "எம்மா, இன்னிக்கு ஹெலிகாப்டர்ல வந்து எங்க மேடைய போட்டோ புட்சிகினு போனாங்க. நான் உச்சில நின்னு ரெண்டு கையும் ஆட்னேன். எல்லாரும் ஒரே மாதிரி ஹெல்மெட்டு போட்டுகினு கீறோம், உனுக்கு இன்னா தெரியும்? அதான் கழட்டிட்டேன். காலண்டர்ல பாரு."

அம்மா அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நீலக் கடல், மஞ்சள் இரும்புக்காடு, அங்கங்கே எறும்பளவு ஆட்கள். எல்லார் தலையிலும் ஹெல்மெட்.

"இவன் இல்ல. இவனும் இல்ல. எங்கடி தமிழினி எம்புள்ள?"

காலண்டரின் ஓரத்தில் போட்டோ எடுத்தவர் பெயர் இருந்தது. ஸ்ரீவத்சன். விசாரித்தால், ஆள் நம் பள்ளிக்கரணைதான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவர் காலண்டரைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"உச்சில ஒருத்தர் நின்னார், மேடம். எடிட்டிங்ல எடுத்துட்டேன். ஹெல்மெட் இல்லாத ஆள் தெரிஞ்சா அந்தப் படத்தை அச்சடிக்க மாட்டாங்க. சேஃப்டி ரூல். எப்பவும் இப்படித்தான் பண்ணுவோம்." காலண்டரிலிருந்து நிமிர்ந்து கேட்டார். "யாரு அவர்?"

"எந்தம்பி சார்" என்றேன். அம்மாவுக்குத் தெரியட்டும் என்று கழற்றினான். கழற்றியதாலேயே காணாமல் போனான். யார் சட்டையைப் பிடித்து நான் சண்டை போடுவது?

ஸ்ரீவத்சன் எழுந்துபோய்ப் பழைய படத்தைத் தேடி எடுத்தார். கம்ப்யூட்டரில் மேடையின் உச்சி பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு கையும் தூக்கி, ஒரு கையில் ஹெல்மெட்டோடு நின்றான். இன்னும் பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"இதுக்கு மேல முகம் தெரியாதும்மா" என்றார் அவர்.

"மொகம் வோணாம் சார். எனுக்குத் தெரியாத மொகமா? கடலோட முழுசா குடு."

எங்கள் வீட்டுச் சுவரை அடைக்கிற அளவுக்குப் பிரிண்ட் போட்டு, அவரே எடுத்துவந்து மாட்டிவிட்டுப் போனார். அம்மா வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு யாரும் சொல்லாமலே உள்ளே போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

விரல் மேடையின் உச்சிக்குப் போய் நின்றது. அவள் விரல் நுனியைவிடத் தயாளன் சிறியவன். பொட்டு வைத்தால் மறுபடி மறைந்துபோவான்.

அம்மா கையைக் கீழே இறக்கினாள். மேடைக்கு அடியில், வெறும் நீலமாகக் கிடந்த தண்ணீரில் பொட்டை வைத்தாள்.

"இங்கதான கீறான்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.