ஓட்டைக் கை

என் நாத்தனார் என் வீட்டுக்காரரோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. காரணம், கையிலிருந்து நழுவிய ஒரு பந்து.

என் வீட்டுக்காரர் தேசியத் தொலைக்காட்சியில் கால்பந்து வர்ணனையாளர். நாத்தனார் வாக்கப்பட்டது பக்கத்து நாட்டில். விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அங்கேயும் இதே பாஷை. கால்பந்து என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு நாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் கணவரோ அந்த நாட்டு அணியின் கோல்கீப்பர். கல்யாணத்தன்று இரு வீட்டாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்த வாய் பிறகு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணனும் தங்கையும் சாதாரண அண்ணன் தங்கை இல்லை. இவருக்குப் பத்து வயது, அவளுக்கு நாலு வயது இருக்கும்போதே, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு அவளை வர்ணிப்பாராம். "இதோ பாப்பா எழுந்துவிட்டார்! பல் தேய்க்கப் போகிறார்... இல்லை, திரும்பிப் படுத்துவிட்டார்! அடடா, என்ன ஒரு ஆட்டம்!" வீட்டில் எல்லோரும் 'வாடி போடி' என்று விரட்டுகிற பொடிசுக்கு அண்ணன் வாயில் மட்டும் எப்போதும் 'ஆர்' மரியாதை. இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது ஆகியும் அவர் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவர்தான் எட்டு மாதத்துக்கு முன்னால், நாடே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், அவள் புருஷன் கையிலிருந்து பந்து நழுவி வலைக்குள் போனதும், "விட்டான்! விட்டுட்டான்! ஓட்டைக் கை! இந்தக் கையில் பந்து எப்படி நிற்கும்?" என்று கத்தினார். சேனல்காரர்கள் அதை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு வாரம் செய்திக்குச் செய்தி போட்டார்கள். அது ஃபோன் ஃபோனாகப் பரவி அவள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு அந்த மனுஷன் முந்தின நாள் பயிற்சியில் பிசகிய இரண்டு விரல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார். எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அவள் ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அந்தக் கையிலதானே அண்ணா என்னைப் பிடிச்சுக் குடுத்தே? ஓட்டைக் கைன்னு தெரிஞ்சேவா குடுத்தே?"

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் என்னோடு தினமும் பேசுவாள். அவர் பக்கத்தில் வந்தால், "அண்ணி, உங்க வீட்ல சிக்னல் சரியில்ல" என்று முடித்துக்கொள்வாள்.

இவரும் சும்மா இருக்கவில்லை. சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் காது புளித்தது. "நானா ஆசைப்பட்டுப் பேசுறேன்? அந்த ஊர்க்காரனை ஒரு தடவை 'ஆர்' போட்டுச் சொல்லிப் பாரு. 'உன் மைக் எந்த நாட்டு மைக்'னு நாலு பேர் கேப்பாங்க. வேலையே அப்படி."

"பாப்பாகிட்ட இதைச் சொல்லுங்க."

"அவதான் சிக்னலைக் கட் பண்ணிடுறாளே!"

இந்த லட்சணத்தில் அடுத்த ஆட்டம் வந்தது. இந்த முறை எங்கள் ஊரிலேயே. அந்த அணி வந்து இறங்கிய அன்று நான் விமான நிலையத்துக்குப் போனேன். நான் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். நாத்தனாருக்குப் படிக்கிற கண்ணாடி ஒன்று போட்டு வைத்திருந்தேன். அதை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கூட்டத்தில் டப்பாவைத் தூக்கி ஆட்டினேன். முறைக்கு அவர் எனக்கு அண்ணன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில்: 'கோல்கீப்பரின் ஆணவச் சிரிப்பு.' படத்தின் ஓரத்தில் தெரிந்த முழங்கை என்னுடையது.

அன்று ஃபோனில் நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

"இங்க மட்டும் என்ன வாழுது அண்ணி? போன தடவை உங்க டீம் பஸ்ஸிலேர்ந்து இறங்கினதை 'ஊடுருவல்'னு போட்டாங்க. உங்க கேப்டன் தும்மினா இங்க அது சதி!" சிரிப்பு அடங்கிய பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "ஊர்க்காரங்க என்ன வேணா எழுதட்டும். எனக்கு வலிக்காது. அந்தக் குரல் எங்க அண்ணன் குரல். அதான்."

ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. பன்னிரண்டு மணிக்குக் கடையில் இருந்தபோது இவர் ஃபோன் செய்தார். "என் கண்ணாடியை வீட்லயே வச்சுட்டேன். வீரர்கள் லிஸ்டைப் படிக்க முடியல. கொண்டு வா, உனக்குக் கோடிப் புண்ணியம்."

"கண்ணாடிக்காரி புருஷன் கண்ணாடி இல்லாம வர்ணனைக்குப் போயிருக்கீங்க. ஊர் சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மைதானத்தின் உச்சியில், படி ஏறினால் மூச்சு வாங்குகிற உயரத்தில் வர்ணனை அறை. அறை என்றால் இரண்டு நாற்காலி, இரண்டு மைக், ஒரு சின்னத் திரை, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. இவருக்குப் பக்கத்து நாற்காலியில் பழைய ஆட்டக்காரர் ஒருவர். 'முன்னாள் வீரர்' என்று தினமும் திரையில் போட்டுப் போட்டு, சேனலில் எல்லோரும் அவரை 'முன்னாள்' என்றே கூப்பிடுவார்கள்.

திரைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. இடப்பக்கம் 'நம் அணி', வலப்பக்கம் 'எதிரணி'.

நம் அணி வியூகம் வகுக்கும். எதிரணி சூழ்ச்சி செய்யும். நம் அணிக்குப் பொறுமை. எதிரணிக்கு நேரம் கடத்தல். நம் ஆள் விழுந்தால் வீழ்த்தப்பட்டார். அவர்கள் ஆள் விழுந்தால் நடிக்கிறான். ஜெயித்தால் இந்தப் பக்கம் ஆற்றல், அந்தப் பக்கம் அதிர்ஷ்டம். கடைசி வரியில் விளக்கமே இல்லை: 'ஆர் / ஆன்', அவ்வளவுதான்.

"யாருங்க இதை எழுதினது?"

"மேலிடம்" என்றார் இவர். சேனல் இயக்குநரை அவர் அப்படித்தான் சொல்வார்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிங்கன்னு சொல்றது என் வேலை. ஒரு கண்ணை மூடிக்கிட்டே ஆட்டத்தைப் பாக்கிறது உங்க வேலை. நல்ல ஜோடி."

முன்னாள் கடகடவென்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவ ஆட்டத்தைப் பாப்பாளா?" என்றார்.

"பாக்காம இருப்பாளா? ஆனா உங்க சேனல் அங்க வராதே."

"வராதுல்ல" என்றார். நிம்மதியா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டதும் நாத்தனாரிடமிருந்து ஃபோன்.

"அண்ணி, ஒரு உதவி. ஃபோனை உங்க டிவி பக்கத்துல வச்சிடுங்க. நான் இங்க சத்தத்தை அமுக்கிட்டுப் படத்தை மட்டும் பாக்கிறேன்."

"எதுக்குடி?"

அவள் பக்கத்து டிவி சத்தம் அமுங்கியது. "எட்டு மாசம் ஆச்சு அண்ணி அவன் குரலைக் கேட்டு. திட்டினாலும் பரவால்ல."

நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு டிவி மேஜை மேல் வைத்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் சேனலில் எல்லாமே நாலைந்து நொடி தாமதமாகத்தான் வரும். யாராவது ஏடாகூடமாக உளறினால் வெட்டுவதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் அவளுக்குப் படம் முதலில் போய்விடும். அண்ணன் குரல் பின்னால்தான் வந்து சேரும். நான் திரையில் பந்தைப் பார்ப்பதற்குள் ஃபோனில் அவள் "ஐயோ!" என்பாள். "ஏய், முன்கூட்டியே கத்தித் தொலைக்காதே" என்று நான் அதட்டுவேன். கொஞ்ச நேரத்தில் அவள் வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டாள்.

இவர் ஜாக்கிரதையாகத்தான் போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளையிடம் பந்து போகும்போதெல்லாம் 'ஆர்' இல்லை, 'ஆன்' இல்லை. "கோல்கீப்பர் கையில் பந்து", "பந்து வெளியே" என்று வினைச்சொல்லே இல்லாமல் ஓட்டினார். எதிர்வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர் மாடிப்படியில் ஒதுங்கி ஒதுங்கிப் போவதுபோல இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி" என்றாள் அவள். "நழுவுறான் பாருங்க, விலாங்கு மீன்!"

எழுபதாவது நிமிடம் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். அதிர்ஷ்டம் என்றார் முன்னாள். கடைசி நிமிடம் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அடித்தால் சமம். தடுத்துவிட்டால் எங்கள் ஊரிலேயே எங்கள் தோல்வி. தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. எங்கள் கேப்டன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அந்தப் பக்கம், விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டு மாப்பிள்ளை.

திரையில் கேப்டன் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஃபோனில் மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு துப்பட்டாவைத் தாண்டி, சிரிப்பும் அழுகையுமாக ஒரு விம்மல்.

எனக்குப் புரிந்துவிட்டது. பிடித்துவிட்டார். அவளுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது. இனி தெரிய வேண்டியது ஒன்றுதான், இவர் வாயில் என்ன வரப்போகிறது என்பது. ஃபோனை டிவிக்கு இன்னும் நெருக்கி வைத்தேன்.

"ஓடி வருகிறார்... அடிக்கிறார்..." என்றது இவர் குரல்.

மாப்பிள்ளை இடப்பக்கம் பாய்ந்தார். தட்டிவிடவில்லை. இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புல்லில் உருண்டார்.

மைக்கில் இவர் குரல் வெடித்தது. "பிடிச்சுட்டார்! மாப்பிள்ளை பிடிச்சுட்டார்! எப்பேர்ப்பட்ட பிடி! நல்லாப் பிடிச்சீங்க மாப்பிள்ளை!"

"என்னய்யா, மாப்பிள்ளையா?" என்று முன்னாள் மைக்கிலேயே கேட்டார்.

"ஆமா சார். என் தங்கச்சி வீட்டுக்காரர்."

வெட்டுகிற பட்டனுக்குப் பொறுப்பானவர் அந்த நேரம் தோல்வி தாங்காமல் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு எழுத்து விடாமல் நாடு முழுக்கப் போய்விட்டது.

நான் ஃபோனை எடுத்தேன். "பாப்பா, கேட்டியா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அழுகிறாளா, இன்னும் கோபமா, ஒன்றும் தெரியவில்லை.

ஆறரை மணிக்கு இவர் வந்தார். பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் மாதிரி வாசலிலேயே நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மேலிடம். 'எதிரணி கோல்கீப்பரை மரியாதை விகுதியுடனும், மாப்பிள்ளை என்றும் குறிப்பிட்டதற்கான காரணத்தை நாளை காலை பத்து மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

"வேலை போயிடுமா?"

"தெரியல. ரெண்டு ஆட்டத்துக்கு மைக் கிடையாதுன்னு இப்பவே சொல்லிட்டாங்க." செருப்பைக் கழற்றினார். "அவ ஏதாவது சொன்னாளா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் முகம் அந்தக் கடிதத்துக்குக்கூட அப்படி வாடியிருக்கவில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. அவள்தான்.

"நான் இல்லேன்னு சொல்லிடு" என்று கிசுகிசுத்தார்.

"இந்தாங்க" என்று கையில் திணித்தேன்.

அவர் ஃபோனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் தொண்டையைச் செருமினார்.

"எதிர்முனையில் பாப்பா வந்துவிட்டார். பேசுவாரா? பேச மாட்டார் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிறார். மறுபடி உறிஞ்சுகிறார்! துப்பட்டாவில் துடைக்கிறார். அடடா..." அதற்கு மேல் இவர் குரல் உடைந்துவிட்டது.

"துப்பட்டா இல்ல, துண்டு" என்றாள் அவள். "தெரியாம வர்ணிக்காதே."

"மன்னிச்சிடு பாப்பா."

"உன்னை அப்புறம் மன்னிக்கிறேன். நீ 'மாப்பிள்ளை'ன்னதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அங்க பஸ்ஸிலேர்ந்து எனக்கு மெசேஜ் மேல மெசேஜ். 'மைதானத்துல எனக்கு வர்ணனை கேக்காதே, மச்சானை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு'ன்னு. அப்படி எத்தனை தடவை சொல்றது, ஒரு தடவை போதாதா? அது சரி, உன்னை என்ன பண்ணினாங்க அங்க?"

கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். அவள் குரல் மாறிவிட்டது. "ஐயோ அண்ணா" என்றாள். அந்த 'அண்ணா'வுக்கு எட்டு மாத வட்டி சேர்ந்திருந்தது.

"பதில் எழுதணும்" என்றார் இவர். சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, என் பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஃபோன் தாளுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கரில். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் இரண்டு வரி தேறியது. வாய்விட்டுப் படித்தார்.

"ஒன்று: அவர் என் தங்கையின் கணவர். இரண்டு: அவர் பந்தை நன்றாகப் பிடித்தார்."

"நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"இல்ல அண்ணி" என்றாள் அவள். "ஒண்ணு வேண்டாம். சொந்தக்காரர்ங்கிறதுக்காகக் கிடைச்ச 'ஆர்' மாதிரி ஆயிடும். ரெண்டு போதும்."

"ஒண்ணு இருந்தாத்தான் மேலிடம் மனசு இளகும்" என்றார் இவர். "ரெண்டு மட்டும் எழுதினா நான் சண்டைக்குப் போற மாதிரி இருக்கும் பாப்பா."

"உன் இஷ்டம்."

இவர் என்னைப் பார்த்தார். நான், அந்த 'ஆணவச் சிரிப்பு' படத்தின் ஓரத்தில் வந்த என் முழங்கையைப் பார்த்தேன். பேனாவை முதல் வரிமேல் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.

"அடிச்சுட்டேன்" என்றார்.

"கோல்!" என்றாள் பாப்பா.