வகுப்பிலேயே மெதுவானவர்

அன்று காலை வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, "எல்லாரும் ஒரு நிமிஷம் சாரப் பாருங்க," என்றேன். பதினொரு பேரும் கைகளை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். சார் என்பது என் கணவர். கடைசி வரிசையில் ஜன்னலோரமாக நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்தை வயிற்றுக்கு நேரே ஏந்தியபடி, அதை இடமிருந்து வலமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் இரண்டு மூச்சில் முடித்துவிடும் அசைவு அது. அவருக்கு ஐந்து மூச்சு ஆனது. முகத்தில் ஒரு சலனம் இல்லை. இத்தனை பேர் தன்னைப் பார்ப்பது தெரிந்த மாதிரியே இல்லை. "இதத்தான் நான் தொண்டை கிழிய சொல்லிட்டிருக்கேன். அவசரம் முதல்ல உடம்ப விட்டுப் போகணும். அப்புறம் மனசு தானா அடங்கும்," என்றேன். என் குரலில் பெருமை வழிந்தது. அதை மறைக்கவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நான் சொல்லிக்கொடுப்பது சீகோங். மூச்சோடு சேர்த்து உடம்பை மெல்ல அசைக்கும் சீனப் பயிற்சி. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் உட்கார்ந்தே இருந்து இடுப்பு ஒடிந்துபோனபோது இதைக் கற்றுக்கொண்டேன். இடுப்பு சரியானது, அதைவிட, காரணமில்லாமல் அழுகிற பழக்கம் நின்றது. பிறகு வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கடைக்கு மேலே ஒரு கூடத்தைப் பிடித்து, நலவாழ்வு ஆலோசகர் என்று பலகை மாட்டினேன். பயிற்சியோடு சேர்த்து ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுவேன். வாரம் ஒரு தாள் கொடுப்பேன். தூக்கம், பசி, கோபம், நிம்மதி, இவற்றுக்குப் பத்துக்கு எத்தனை என்று அவர்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளவேண்டும். கீழே இரண்டு வரி எழுதவேண்டும். உடம்பு வேறு மனசு வேறு இல்லை, ஆளை முழுசாகப் பார்க்கவேண்டும் என்பது நான் எல்லோரிடமும் சொல்லும் பாடம்.

என் கணவருக்குத் தொழிற்சாலையில் சைரன் என்று பெயர். இரும்புத் தகடு அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவே முப்பத்தோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய குரலை அவர் வீட்டுக்கு வரும்போது கழற்றிவைத்துவிட்டு வந்ததில்லை. வாசலில் அவர் செருப்பு விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைய மாலைப் பொழுது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அடித்ததில்லை. அதை ஒரு பாராட்டாகச் சொல்லும்படி வாழ்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். உப்பு ஒரு சிட்டிகை கூடினால் தெருவுக்கே கேட்கும். எங்கள் மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையனை முதல்முறை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதம் பிடிக்கவில்லை என்று இவர் போட்ட சத்தத்தில் அவள் அப்பாவோடு பேசுவதை விட்டாள். நாலு வருடம் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல்தான் வகுப்புக்கு வந்தார். "காத்தத் தடவிக் குடுக்குறதுக்கு ஒரு வகுப்பா?" என்று படியிலேயே கேலி செய்துகொண்டு ஏறினார். முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் முன்னால் எல்லா அசைவையும் முடித்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் முதலில் எழுந்துவிட்ட ஆள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். அசைவுகள் நிதானப்பட்டன. குரல் இறங்கியது. தட்டில் எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டார். ஒருநாள் பால் திரிந்துபோனது தெரியாமல் டீ போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். அவர் முழுக் கோப்பையையும் குடித்து முடித்திருந்தார். பழைய மனிதராக இருந்தால் அந்தக் கோப்பை சுவரில் உடைந்திருக்கும். நெகிழ்ந்துபோய் அதை மறுநாள் வகுப்பில் உதாரணமாகவே சொன்னேன். குறை சொல்லாத மனம் என்று தலைப்புகூட வைத்தேன்.

தாளில் கோபத்துக்கு ஒன்பது போட்டுக்கொண்டிருந்தவர் ஏழு, ஐந்து, மூன்று என்று இறங்கினார். மகள் மறுபடியும் வீட்டுக்கு வந்தாள். அவள் பேசப் பேச இவர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது அவள் சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு, "என்னம்மா மந்திரம் போட்ட?" என்றாள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான் என்று நினைத்தேன். அந்த ஒன்றரை வருடம்தான் எனக்குக் கல்யாணமே ஆன மாதிரி இருந்தது.

அவரைக் காட்டிப் பேசிய அன்று, வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். கழுத்து வலிக்காக இரண்டு வாரம் முன்பு சேர்ந்த நர்ஸ். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் இருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாருக்கு வாசனை தெரியுதா?"

"ஏன் கேக்குற?"

"நடக்கும்போது இடது கை ஆடவே மாட்டேங்குது. கண்ணக்கூட அதிகமா சிமிட்டல. அவரு எழுத்து... முன்ன விட சின்னதா ஆயிருக்கா அக்கா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்து இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று நினைத்தேன். "அவரு நிதானமாயிட்டாரும்மா. அதுக்குத்தான் நாம இங்க வர்றோம்," என்றேன். அவள் தலையாட்டினாள். "ஒரு தடவ நரம்பு டாக்டர்கிட்ட மட்டும் காட்டிருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கூடத்தைப் பூட்டாமல் அலமாரியைத் திறந்தேன். அவருடைய தாள்கள் ஒரு கோப்பில் இருந்தன. ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. தரையில் வரிசையாகப் பரப்பினேன். முதல் தாளில் கோணல்மாணலாக, கட்டத்துக்கு வெளியே முட்டும் எழுத்து: 'இதெல்லாம் வெட்டி வேலை.' நடுவில் எழுத்து கட்டத்துக்குள் அடங்கியிருந்தது. கடைசித் தாள்களில் ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது கடுகளவும் முடியும்போது அதைவிடச் சிறியதாகவும் போய், ஒரு கோடாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் அந்தத் தாளைக் கையில் வாங்கியவள் நான். மதிப்பெண்ணை மட்டும்தான் பார்த்தேன். ஆளை முழுசாகப் பார்க்கிறவள்! தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நரம்பு மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். அதற்கே வெகுநேரம் ஆனது. பார்க்கின்சன் என்றார். வந்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கும். வாசனை போனதும், குரல் இறங்கியதும், முகம் அசையாமல் போனதும் எல்லாம் அதுதான். முன்பே வந்திருந்தால் இந்த ஒரு வருடம் அவருக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்றார். நான் பயந்துகொண்டே என் தொழிலைச் சொன்னேன். மருத்துவரின் முகம் மலர்ந்தது. "நிறுத்திடாதீங்க. இவர் இன்னும் கீழ விழாம இருக்காருன்னா அந்தப் பயிற்சியும் ஒரு காரணம். மருந்தோட சேர்த்துச் செய்யட்டும்." கேட்டு மனம் குளிர்ந்திருக்கவேண்டும். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் அவர் எந்த உணர்ச்சியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் நிம்மதி என்று எத்தனை நாள் கொண்டாடியிருக்கிறேன்!

மகளிடம் ஃபோனில் சொன்னேன். எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று முதலில் கேட்டாள். பிறகு, "அன்னைக்குக் கிளம்பும்போது அப்பா என் தோள்ல கை வெச்சாரும்மா. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல," என்றாள்.

"ஆமா, நானும் பாத்தேன்."

"எடுக்கலையா, எடுக்க முடியலையா?"

"நீ அவரையே கேளேன்," என்றேன். "நீ கேட்டியாம்மா?" என்று திருப்பிக் கேட்டாள். ஃபோனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நோய் வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நான் இருக்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியது யார்? இவரா, இவர் நோயா? வயதான காலத்தில் கைக்குக் கிடைத்த ஒரே நல்ல காலத்தையும் திருப்பிக் கொடு என்று யாரோ வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வகுப்பில் நின்று மூச்சை இழு, விடு என்று சொல்வேன்; என் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய கையை என் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். நடுக்கம் என் பிடிக்குள் அடங்கி அடங்கி எழுந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"உங்களுக்குக் கோவமே வர்றதில்லையா?"

அவர் பதில் சொல்ல மாட்டார் என்று நினைத்து அடுத்த விரலுக்குப் போய்விட்டேன். இரண்டு விரல் முடிந்தபோது குரல் வந்தது.

"வரும்."

"பின்ன?"

"உள்ள வந்துரும். வாய்க்கு வர்றதுக்குள்ள நேரமாயிடும். நீ அதுக்குள்ள அடுத்த வேலைக்குப் போயிருவ."

நகவெட்டி என் கையில் நின்றது. எதைக் கேட்கக்கூடாது என்று பயந்தேனோ அதையே சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த அமைதி முழுக்க எனக்குக் கேட்காமல் போன சத்தம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுந்துவிடலாம் என்று அவர் கையை மடியிலிருந்து எடுத்தேன். அவர் விரல்கள் என் புடவையைப் பிடித்துக்கொண்டன.

"இரு. முடிக்கல."

இருந்தேன்.

"மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. கத்த முடியலையேன்னு. அப்புறம் ஒரு நாள் பாத்தேன். நீ சமையல்கட்டுல பாட்டு முணுமுணுத்துக்கிட்டு, பாத்திரத்த டமார் டமார்னு போட்டு வேல செஞ்சிட்டிருந்த. முப்பது வருஷமா இந்த வீட்டுல நீ ஒரு கரண்டியக்கூட சத்தம் வர வெச்சதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு அது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் விட்டுட்டேன்."

விட்டுவிட்டேன் என்றால் முயற்சியை விட்டாரா, கோபத்தையே விட்டாரா? நான் கேட்கவில்லை. கை சரியில்லை என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "எல்லாரையும் நிறுத்திட்டு என்னயக் காட்டிப் பேசுன. என்னய யாரும் அப்படிச் சொன்னதில்ல," என்றார். அசையாத அந்த முகத்தில் கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கியது. அது நோயா, அவரா என்று பார்க்கும் புத்தி அப்போதும் எனக்குப் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவர் கட்டிலோரம் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முடிந்து மூன்றாவதில் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. கூடத்துச் சாவி என்னிடம்தான் இருந்தது. படியில் எல்லோரும் காத்திருப்பார்கள். பை தோளில், செருப்பு காலில். எதுவும் யோசிக்காமல் போய் அவர் விரல்களை விலக்கிவிட்டு மூன்றாவது பொத்தானை மாட்டி, நாலாவதுக்குப் போனேன். ஐந்தையும் முடித்துக் காலரைச் சரிசெய்துவிட்டு வாசல்வரை வந்துவிட்டேன். பின்னால் அவர் வரும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் எப்போதும்போல் இருந்தது. ஆனால் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே அவர் கைகள் சட்டையின் மேல் நின்றன.

பையிலிருந்து ஃபோன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். அவருக்கு எதிரே போய் நின்று, நான் மாட்டிய மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"சொல்லுங்க," என்றேன். "நான் எங்கயும் போகல."

அவர் கை மூன்றாவது பொத்தானைத் தேடிப் பிடித்தது. உதடுகள் பிரிந்தன. உள்ளே எங்கிருந்தோ புறப்பட்டுவிட்ட ஒன்று வந்து சேர்வதற்காக, அந்த வாயைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.